ஐந்தாம் நாள் போன சீல்

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டும்போது வேல்பாண்டியின் இடது கால் கியர் லீவரில் வழுக்கியது. மழைத்தண்ணீராக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தான். மழை பெய்து பத்து நாளாகிறது. மறுபடி மிதித்தான். மறுபடி வழுக்கியது. வண்டியை ஓரங்கட்டினான். குனிந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பேன்ட் காலிலேயே எண்ணெய் வாடை அடித்தது.

ஆனாலும் குனிந்து பார்த்தான். செயின் மூடியின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக அல்ல, நூலாகவே இறங்கிக்கொண்டிருந்தது. பின் டயரின் இடது ஓரம் பளபளவென்று மின்னியது. இன்னும் ஒரு வளைவு திரும்பியிருந்தால் வண்டி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகக் கிடக்க வேண்டியதுதான்.

மணி ஆறு இருபது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு அவனுடைய நாலு வயது மகள் பூவிகா நின்றுகொண்டிருப்பாள்.

கிளட்ச் ராடு சீல் என்பது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம். கிளட்சைத் தள்ளுகிற கம்பி இன்ஜினுக்குள் நுழையும் துளையில் அது உட்கார்ந்திருக்கும். கம்பி போய் வரலாம், எண்ணெய் வெளியே வரக் கூடாது. அவ்வளவுதான் அதற்கு வேலை. வண்டியோடு வந்த சீல் ஐந்து வருஷம் உழைத்தது. அது போனபிறகு மெக்கானிக் அனஸ் புதிதாகப் போட்டது நாற்பது நாள் இருந்தது. அதற்கடுத்தது பதினெட்டு நாள். இது போன வெள்ளிக்கிழமை போட்டது. இன்றைக்கு ஐந்தாம் நாள்.

அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் கண்ணுச்சாமியின் பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினான்.

“என்ன சார், மறுபடியும் நம்ம கடைவாசல்லயேவா? எடம் ராசியா இருக்கோ?” என்றார் கண்ணுச்சாமி.

வேல்பாண்டி சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றான். முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவதில் படியில் தொங்கிக்கொண்டு போய் மடவார்வளாகத்தில் இறங்கியபோது மணி ஏழு இருபது.

மாமனார் உக்கிரபாண்டி கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் மலை மலையாக ஒயர் இழுத்தவர். ஒரு பனிச்சரிவில் உருண்டு வலது முட்டியில் இரும்புத் தகடு வைத்திருந்தது. குத்தவைத்து உட்கார முடியாது. நிமிர்ந்துதான் உட்காருவார். பேச்சும் அப்படித்தான்.

“வாங்க மாப்பிள்ளை.”

“வாரேன் மாமா. பூவு?”

“தூங்கிட்டா.”

உள்ளேயிருந்து மாமியார் வெள்ளத்தாயின் குரல் சுவரைப் பார்த்துப் பேசியது. “ஆறரைக்கு அப்பா வாராருன்னு சொல்லிப் புள்ளைய நிப்பாட்டி வச்சா, இப்பத்தான் வாராரு. ரெண்டு வாய் சோறு எறங்கல. அழுது அழுது படுத்துட்டா. எனக்கு இந்த சர்க்கரையோட எம்புட்டுத்தான் தூக்கிட்டு அலைய முடியும்?”

“சீலு போயிருச்சு மாமா,” என்றான் வேல்பாண்டி.

உக்கிரபாண்டியின் முகம் மாறியது. “மறுபடியுமா?”

“அஞ்சு நாள்ல.”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? கீழ விழுகலையே?”

“இல்ல.”

அவர் தெருப் பக்கம் திரும்பினார். பிறகு தொண்டையைச் செருமினார். “ஞாயித்துக்கெழம துரை வாரான். கனகமும் வருது. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“புது சீலு மதுரைல இருந்து வரணும். சனிக்கெழம ஆயிரும்,” என்றான் வேல்பாண்டி.

மாமனார் அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

கேட்க வேண்டிய வார்த்தை எது என்று இருவருக்கும் தெரியும். வேல்பாண்டியின் மனைவி வெங்கடேஸ்வரி மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போய்ப் பதினாலு மாதமாகிறது. அவன் ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பஞ்சும் துணியும் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தான். பிள்ளை மாமனார் வீட்டில் இருந்தது. வேலை முடிந்ததும் தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்து, ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்புவான். வெங்கடேஸ்வரியின் அண்ணன் பாண்டிதுரை ராணுவத்தில் ஹவில்தார். செகந்திராபாத்தில் குடும்பத்தோடு இருந்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. பூவிகாவைத் தாங்கள் வளர்க்கிறோம், அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அவனும் அவன் மனைவி கனகலட்சுமியும் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம்.

வேல்பாண்டி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையே எல்லாரும் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். அவன் அதையும் மறுக்கவில்லை.

உள்ளே போய் மகளைப் பார்த்தான். குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கால் பாயை விட்டு வெளியே கிடந்தது. காலை எடுத்துப் பாயில் வைத்தான். இந்த இடத்தில் ஒரு தகப்பனுக்கு என்ன தோன்ற வேண்டுமோ அது அவனுக்குத் தோன்றவில்லை. பதினாலு மாதமாக எதுவுமே தோன்றவில்லை. மனைவியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவன் அழாமல் இருந்ததை ஊர் பேசியது. ஒன்றும் தோன்றாதவனிடம் பிள்ளை எதற்கு என்பதுதான் அவன் தனக்குள் வைத்திருந்த பதில். அதை வாய் திறந்து சொன்னால் முடிந்தது. சொல்ல வரவில்லை. உட்காரவும் முடியவில்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அனஸ் தன் வண்டியில் வந்தான். பாலிடெக்னிக்கில் இருவரும் ஒரே பெஞ்சு. அனஸ் இரண்டாம் வருஷத்தோடு நின்று, ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க் ஷாப் போட்டுவிட்டான். வேல்பாண்டி செத்த வண்டியில் ஏறி உட்கார, அனஸ் பின்னால் வந்து தன் இடது காலை அதன் ஃபுட்ரெஸ்டில் ஊன்றித் தள்ளிக்கொண்டே ஓட்டினான். பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அனஸ் அவர்களுக்கும் சேர்த்துக் கத்தினான்.

“ஏலே வேலு! இதுக்குப் பேசாம ஒரு கழுதை வாங்கிரு. அதுக்கு சீலு கெடையாது!”

“ஸ்டெடியா தள்ளு.”

“எம்பேரு கெடுதுடா. மூணும் நான் போட்டது. வீட்டுல சப்ரீன் கேக்கா, உங்க கூட்டாளி வண்டியவே ஒழுங்கா பாக்கத் தெரியலையே, மத்தவன் வண்டிய எப்படிப் பாக்கியன்னு. எங்க வாப்பா இருந்திருந்தா ஸ்பானராலயே மண்டையில போட்டிருப்பாக.”

ஒர்க் ஷாப்பில் செயின் மூடியைக் கழற்றினான். சுற்றிலும் கறுப்புச் சேறாக எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்தது. அதற்குள் விரலை விட்டுத் துழாவி சீலை எடுத்தான். தனியாகவே கிடந்தது. பெட்ரோலில் கழுவி வேல்பாண்டியின் உள்ளங்கையில் வைத்தான்.

“மொதத் தடவ கடைச் சரக்கு, டூப்ளிகேட்டுன்னு நெனச்சேன். சரின்னு கம்பெனி சீலு வரவழைச்சேன். அதுவும் போச்சு. கம்பி தேஞ்சிருக்கும்னு கம்பியும் புதுசு போட்டாச்சு. செயினு டைட்டான்னு பாத்தாச்சு. இதுக்கு மேல நான் என்ன செய்ய, ஓதி ஊதவா?”

வேல்பாண்டி சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வளையம் முழுசாக இருந்தது. கீறல் இல்லை, கிழிசல் இல்லை. உதட்டு விளிம்பு புதிதாக வாங்கியது போலவே இருந்தது.

“கிழியலையே,” என்றான்.

“கிழிஞ்சா என்ன, கிழியாட்டி என்ன? எடத்துல இருக்க மாட்டேங்கு. வித்துரு. புதுப்பட்டில ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான். அவன் தலையில கட்டிருவோம்.”

“விக்கல.”

“எதுக்குக் கேக்கேன்னா…” அனஸ் தயங்கினான். பஞ்சால் கையைத் துடைத்தான். “ஞாயித்துக்கெழமைக்குப் பொறவு உனக்கு தெனமும் சீவில்லிபுத்தூர் போற வேலை இருக்காதுல்ல. இருக்கா?”

வேல்பாண்டி சீலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்கு நடந்தான். இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவில் போகலாம். ஆனால் இந்த நாட்களில் நடக்கும்போதுதான் அவனுக்கு மூச்சு ஒரு அளவாக வந்தது.

கம்பெனியில் அவன் பொறுப்பு ஆட்டோகிளேவ். ஆள் உயரத்துக்கு ஒரு எஃகுப் பெட்டி. பஞ்சுப் பொட்டலங்களை உள்ளே வைத்துக் கதவை மூடி நீராவியை ஏற்றிக் கிருமி கொல்வது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டாவது லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆபரேட்டர் தவசிமுத்து கத்தினார்.

“சார், கதவுல ஆவி அடிக்கு! ரப்பர் கேஸ்கெட்டு போச்சு!”

“ஸ்டீமை அடைங்க.”

“போன மாசந்தான சார் மாத்துனோம். எல்லாம் ஏமாத்துச் சரக்கு. சப்ளை பண்ணுனவனப் புடிச்சு உள்ள போட்டு வேக வைக்கணும்.”

“கேஸ்கெட்டைத் திட்டாதீங்கண்ணே. ஆவி போற வழியப் பாருங்க.”

இதை அவன் நூறு தடவை சொல்லியிருப்பான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வான். ஆறவிட்டு, வெளியேற்றுக் குழாயின் வடிகட்டியைக் கழற்றினான். பஞ்சுத் தும்பு அடைத்து, கட்டை விரல் அளவுக்கு ஒரு மூடி போல இறுகியிருந்தது. ஆவிக்குப் போக வழியில்லை. அதனால் எந்த இடம் ரப்பரோ அந்த இடத்தைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. ஈரத் தும்பைக் கையில் வைத்துக்கொண்டு வேல்பாண்டி அப்படியே நின்றான். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, சட்டைப் பையில் கை விட்டு அந்த வளையத்தை எடுத்தான்.

“சார்?” என்றார் தவசிமுத்து.

அவன் வராந்தாவுக்குப் போய் அனஸுக்குப் போன் போட்டான்.

“ப்ரீதர் பாத்தியா?”

“எது?”

“இன்ஜினோட மூச்சுக் குழாய். உள்ள சேருற காத்து வெளிய போற ஓஸு.”

“அது எதுக்குடா? அது பாட்டுக்கு அடியில தொங்கிட்டுக் கெடக்கும். அதுல என்ன பாக்க?”

“அதத் தொடாத. நான் வாரேன்.”

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனான். மதுரையிலிருந்து சீல் வந்திருந்தது. இருந்தும் அனஸ் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தான். வேல்பாண்டி ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். இன்ஜினின் மேல் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் பின்னால் இறங்கி, சட்டத்தை ஒட்டி அடிப்பக்கம் வந்து முடிந்தது. முழுக்க எண்ணெய்ச் சேறு. விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் குழாயின் இடுப்பு ஒடுங்கியிருந்தது. சேற்றைச் சுரண்டினான். அடியில் கயிறு இருந்தது.

“டார்ச் அடி.”

அனஸும் தலையை உள்ளே விட்டான். கறுப்புக் கயிறு. நாலு கட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் முந்தியதைவிட இறுக்கமாக. மேல் கட்டின் முடிச்சில் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அனஸ் தலையை வெளியே இழுத்துக்கொண்டான். “வேலு, எந்திரிச்சு வந்துரு. தொடாத. எவனோ உனக்கு செய்வினை வச்சிருக்கான்டா.”

“சும்மா இரு.”

“ஏலே, நாலு முடிச்சு! நான் பயமுறுத்தல. எங்க தெருவுல ஓதிப் பாக்குற அஸரத்து ஒருத்தர் இருக்காக, கூட்டிட்டுப் போறேன்…”

வேல்பாண்டி முடிச்சின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நைலான் கயிறு. வெட்டிய நுனி பிரிந்துவிடாமல் இருக்க, தீயில் காட்டிச் சின்ன உருண்டையாக உருக்கி விட்டிருந்தது. ஒயர் இழுக்கிறவர்கள் செய்கிற வேலை. பூவிகாவின் இடது மணிக்கட்டில் அவள் தாத்தா கட்டியிருக்கும் கயிற்றின் நுனியும் அப்படித்தான் இருக்கும். அது உருண்டையாக இருப்பதால் அவள் அதை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பாள்.

“இது எங்க மாமா கட்டுனது,” என்றான்.

“யாரு, மிலிட்டரிக்காரரா? அவருக்கும் உனக்கும் என்னடா பகை?”

பகை என்று ஒன்றும் இல்லை. வண்டி வாங்கிய புதிதில் உக்கிரபாண்டி ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழமும் கறுப்புக் கயிறும் கட்டி அனுப்பினார். தெரு முக்கு திரும்புமுன் வேல்பாண்டி நிறுத்தி, பிளேடால் அறுத்துச் சாக்கடையில் போட்டான். படித்தவன், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. வெங்கடேஸ்வரி பின்னால் உட்கார்ந்து சிரித்தாள். அப்பாவிடம் போய் அதைச் சொல்லியும் விட்டாள். அவர் அதற்குப்பின் அவன் கண்ணில் படும்படி எதையும் கட்டவில்லை.

படுத்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்தான். அடிக் கயிறு நைந்து நரைத்திருந்தது, அவள் செத்த பிறகு கட்டியிருப்பார். கொஞ்ச மாதத்தில் பழைய சீல் போயிற்று. அவன் தாமதமாகப் பஸ்ஸில் போய் இறங்கினான். வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது என்றதும் அவர் இன்னொரு கயிறு கட்டியிருக்கிறார். நாற்பது நாள். மறுபடி நின்றது, மறுபடி ஒரு கயிறு. பதினெட்டு நாள். அடுத்ததற்கு ஐந்து நாள். கெட்டது நெருங்கி வருகிறது என்று பயந்து பயந்து அவர் இறுக்கியிருக்கிறார், இறுக்க இறுக்க இன்ஜின் திணறியிருக்கிறது. அவன் உள்ளே பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், குத்தவைக்கவே முடியாத மனிதர் வெள்ளை வேட்டியோடு தெருவில் படுத்து வண்டிக்கு அடியில் கையை விட்டிருக்கிறார். நாலு தடவை.

“என்னடா, தூங்கிட்டியா?” என்றான் அனஸ்.

“பிளேடு குடு.”

கயிறு அறுந்ததும் குழாய் மெல்ல விரிந்து கொடுத்தது. வேல்பாண்டி எழுந்தான். சட்டை முதுகு முழுக்க எண்ணெய். கையில் நாலு கயிறு. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். அனஸ் சீலைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, முக்கால் மணி நேரம் ஓடவிட்டான். அடியில் விரித்த வெள்ளைக் காகிதத்தில் ஒரு பொட்டு விழவில்லை. அதுவரைக்கும் வேல்பாண்டி நடந்துகொண்டேதான் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவன் போய் இறங்கியபோது வண்டிச் சத்தம் கேட்டு உக்கிரபாண்டி கேட்டுக்கு வந்தார். உள்ளே பாண்டிதுரையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“சரியாயிருச்சா மாப்பிள்ளை? என்ன கோளாறாம்?”

வழியெல்லாம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, சொல்ல வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தான். ஆனால் சொல்லிவிட்டான். “இன்ஜினுக்கு ஒரு மூச்சுக் குழாய் இருக்கு மாமா. அதுல நாலு கயிறு கட்டியிருந்துச்சு. காத்து போக வழியில்லாம சீலைத் தள்ளிட்டு வந்திருக்கு.”

உக்கிரபாண்டி கேட்டைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க சைக்கிள் ஓட்டிய மனிதர். அவருக்கு இன்ஜினில் எல்லாக் குழாயும் ஒன்றுதான்.

“அப்ப… நாந்தானா?”

“உங்களுக்குத் தெரியாதுல்ல.”

“தெரியாதுதான். ரோட்டுல எண்ணெயில வழுக்கி விழுந்திருந்தா? தெரியாதுன்னு யார்ட்ட போய்ச் சொல்ல?” அவர் வாய் கோணியது. “மேல கட்டுனா நீங்க அறுத்துப் போட்ருவீக. அதான் கண்ணுக்குத் தெரியாத எடமாப் பாத்து…”

“அந்த முட்டிய வச்சுக்கிட்டு எப்படி மாமா படுத்தீங்க?”

“படுத்துட்டேன். எந்திரிக்கத்தான் செத்த நேரமாச்சு.”

வேல்பாண்டிக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது. அது வேறெங்கோ போய் முட்டி நின்றது. “ஏன் மாமா?” என்றான்.

“ஏன்னா? ஒருத்தி போயிட்டா. புள்ளைக்கு மிச்சம் நீங்க ஒரு ஆளுதான.”

“அப்ப எதுக்கு அவளை துரை மச்சான்கூட அனுப்புறீங்க?”

“நான் எங்க அனுப்புனேன்? நீங்க வேண்டாம்னு சொல்லலையே. பதினாலு மாசமா ஒண்ணும் வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. நான் என்னன்னு எடுத்துக்கிட?” குரலைத் தாழ்த்தினார். “புள்ளையும் போயிட்டா நீங்க இந்தப் பக்கம் எதுக்கு வரப்போறீக? எனக்கு ரெண்டும் போச்சு.”

வேல்பாண்டி செருப்பைக் கழற்றினான். “இனிமே ஹேண்டில்ல கட்டுங்க மாமா. அறுக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கூடத்தில் பாண்டிதுரை பனியனோடு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். கனகலட்சுமி பூவிகாவை மடிக்கு முன்னால் உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புது டிரங்குப் பெட்டி. அதன்மேல் பிள்ளையின் பெயரை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

“வா மாப்ள. உக்காரு. முறுக்கு தின்னு.”

வேல்பாண்டி உட்காரவில்லை. “புள்ளைய நான் வச்சுக்கிடுதேன் மச்சான்.”

முறுக்குச் சத்தம் நின்றது.

“என்னது?”

“அனுப்பல. நான் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கே.”

“என்னலே, விளையாடுதியா? மூணு மாசமா வாயத் தொறக்காம இருந்துட்டு, ஊருல இருந்து லீவு போட்டு வந்து நிக்கும்போது சொல்லுத? பள்ளிக்கூடத்துல சீட்டு வாங்கியாச்சு. இவ ஒரு ரூமையே ஒதுக்கி வச்சிருக்கா.”

“முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்புத்தான்.”

“சரி, வேலைக்குப் போயிட்டா புள்ளைய யாரு பாப்பா? உங்க ஆட்டோகிளேவா?”

“எதிர் வீட்டு பிரிஸ்கில்லா டீச்சர் நர்சரி நடத்துறாங்க. அஞ்சு மணி வரைக்கும் அங்க இருக்கலாம். காலை ஷிப்டு கேட்டிருக்கேன்.”

“சோறு?”

“பொங்கிட்டுத்தான இருக்கேன்.”

“தலை பின்னத் தெரியுமாலே உனக்கு?”

“தெரியாது.”

“பொறவு?”

வேல்பாண்டி நின்றுகொண்டே இருந்தான். பாண்டிதுரை தகப்பனைப் பார்த்தான். உக்கிரபாண்டி கதவருகே நின்று தரையைப் பார்த்தார். கனகலட்சுமியின் கை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. போட்ட பின்னலை அவள் மளமளவென்று முழுக்க அவிழ்த்தாள்.

“இங்க வாங்கண்ணே,” என்றாள். “மொதல்ல நுனியில இருந்து சிக்கு எடுக்கணும். மேல இருந்து இழுத்தா அழுவா. பொறவு மூணு பிரி. இந்தா, புடிங்க.”

“கனகம்,” என்றான் பாண்டிதுரை.

“நீங்க சும்மா இருங்க. திங்கக்கெழம காலையில தலை பின்னாம புள்ளைய நர்சரிக்கு எப்படி அனுப்புவாரு?”

வேல்பாண்டி அவளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரிகளை வாங்கினான். விரல் இடுக்கில் எண்ணெய்க் கறை போகாமல் இருந்தது. கனகலட்சுமி நிமிர்ந்து பார்க்காமல், அந்தப் பிரி மேல, இந்தப் பிரி கீழ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதிப் பின்னலில் அவள் குரல் உடைந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாண்டிதுரை சட்டையை மாட்டிக்கொண்டு, “ஒரு மாசம் பாப்பேன். முடியலன்னு போன் வந்துச்சு, வந்து தூக்கிட்டுப் போயிருவேன்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

“முடியலன்னா நான் இருக்கேன்லலே,” என்று உக்கிரபாண்டி அவன் முதுகைப் பார்த்துச் சொன்னார். “ராஜபாளையம் என்ன காஷ்மீரா?”

பின்னல் கோணலாக முடிந்தது. பூவிகா தடவிப் பார்த்துவிட்டு, “இது நல்லால்ல,” என்றாள்.

பெட்டி வண்டியில் ஏறாது. இரண்டு நாளைக்கு வேண்டிய துணியை மட்டும் வெள்ளத்தாய் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். பால் எப்போது குடிப்பாள், எது தின்றால் வயிற்றுக்கு ஆகாது, எதற்குப் பயப்படுவாள் என்று கேட்டுவரை சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை சுவரைப் பார்த்து அல்ல. உக்கிரபாண்டி தன் துண்டால் பிள்ளையை அவன் வயிற்றோடு சேர்த்துக் கட்டினார். கட்டிவிட்டு இழுத்துப் பார்த்தார்.

“மூச்சு விட முடியுதா தாயி?” என்று பூவிகாவிடம் கேட்டார்.

மடவார்வளாகம் தாண்டும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். மலையைக் காட்டி ஏதோ கேட்டாள். வன்னியம்பட்டி விலக்குக்கு வருமுன் பேச்சு நின்றது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பள்ளத்துக்குப் பள்ளம் ஆடியது. உடம்பைத் துண்டு பிடித்திருந்தது, தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. வேல்பாண்டி இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து அவள் கன்னத்துக்கு அடியில் கொடுத்தான். கன்னம் சூடாக, கனமாக உள்ளங்கையில் வந்து இறங்கியது.

இடது கை இல்லையென்றால் கிளட்ச் இல்லை. கிளட்ச் இல்லையென்றால் கியர் மாற்ற முடியாது, வண்டியை மெதுவாக நிறுத்தவும் முடியாது. மூன்றாவது கியரில் இருந்தான். அப்படியே வைத்துக்கொண்டான். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம். லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. சேத்தூர் போகிற பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்று, “தள்ளிட்டுப் போலாமேய்யா!” என்று கத்திவிட்டுப் போனார். ஓரிடத்தில் ஆடுகள் குறுக்கே வந்தன. ஆக்ஸிலேட்டரைக் குறைத்தான். இன்ஜின் திக்கித் திணறி அணையப்போகும் நேரத்தில் கடைசி ஆடு ரோட்டைத் தாண்டிவிட்டது. கையை எடுக்கவில்லை. கை மரத்துப்போய், பிறகு வலிக்கத் தொடங்கியது. எடுக்கவில்லை.

ராஜபாளையத்துக்குள் சந்து சந்தாகப் புகுந்து அவன் தெருவுக்கு வந்தபோது வெயில் இன்னும் மாடிச் சுவர்களில் இருந்தது. வீடு வந்தது. பிரேக் பிடித்தால் வண்டி உதறிக்கொண்டு நிற்கும், அவள் விழித்துக்கொள்வாள். எதிர் வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பிரிஸ்கில்லா டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வேல்பாண்டி தன் வீட்டைத் தாண்டி, தெருக் கோடியில் திரும்பினான்.

“என்ன தம்பி, வீடு இங்க இருக்கு!”

“தூங்குறா டீச்சர்,” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அவன் இன்னொரு சுற்று போனான்.